பொண்ணுங்க கண்ணு இன்னா கலரு

கடையில் வியாபாரம் இல்லாதவனை ஈ ஓட்டுகிறான் என்பார்கள். கடலூர் பக்கம் எங்கள் ஊரான குடிகாட்டில், நான் ஆராய்ச்சிக்குச் சேர்ந்த நாளிலிருந்து என்னைப் பற்றி அதே பேச்சுதான். "தங்கராசு பொண்ணு வினோதினி சிதம்பரத்துல இன்னா பண்ணிக்கினு இருக்குது?" "ஈ ஓட்டிக்கினு இருக்குது." சொல்லிவிட்டு அவர்களே சிரித்துக்கொள்வார்கள். எனக்குச் சிரிப்பு வராது. நான் ஈ ஓட்டவில்லை, வளர்க்கிறேன். அழுகிய வாழைப்பழத்தைச் சுற்றி எள்ளளவில் பறக்குமே, அந்தப் பழ ஈ. ரவையும் வெல்லமும் காய்ச்சி பாட்டிலில் ஊற்றி, அதன் மேல் ஈக்களை விட்டு, பஞ்சால் வாயை அடைத்து, தலைமுறை தலைமுறையாக வளர்க்கிறேன்.

ஈ ஓட்டக்கூடத் தெரியாத ஒருவன் எங்கள் லேபில் இருந்தான். செந்தமிழ்செல்வன். எனக்கு ஒரு வருடம் சீனியர், பண்ருட்டிப் பக்கம் அண்ணாகிராமத்துக்காரன். எனக்கு அவனைப் பிடிக்காது. அவனுக்கும் என்னைப் பிடிக்காது. இதில் இருவருக்கும் கருத்து வேறுபாடே இருந்ததில்லை.

சண்டை எதனால் முற்றியது என்று சொல்ல வேண்டுமானால் ஈயின் வயிற்றுக்குள் கொஞ்சம் போக வேண்டும். ஆண் ஈயின் விதைப்பையின் நுனியில் சில செல்கள் கொத்தாக உட்கார்ந்திருக்கும். அந்தக் கொத்தைத் தொட்டபடி சுற்றிலும் ஸ்டெம் செல்கள். ஒரு ஸ்டெம் செல் இரண்டாகப் பிரியும்போது இரண்டும் ஒன்றுபோல ஆவதில்லை. கொத்தைத் தொட்டுக்கொண்டிருப்பது ஸ்டெம் செல்லாகவே இருந்துவிடும். தள்ளி விழுந்தது வேறு வழியில் போய் விந்தணுவாகும். இரண்டும் ஒட்டிக்கொண்டால் விந்து இல்லை. இரண்டும் போய்விட்டால் நாளைக்கு விதையே இல்லை. அதனால் எந்தத் திசையில் பிளப்பது என்பதை செல் முன்கூட்டியே முடிவு செய்துகொள்கிறது. உள்ளே சென்ட்ரோசோம் என்று இரண்டு புள்ளிகள் உண்டு. பழையதைத் தாய் என்போம், புதியதை மகள். தாய் கொத்தின் பக்கமே அசையாமல் நிற்கும், மகள் எதிர்ப்பக்கம் நகர்ந்து போகும், இரண்டுக்கும் குறுக்கே செல் பிளக்கும்.

தாயை அங்கே பிடித்து நிறுத்துவது எது? இதுதான் என் ஆய்வு. வெறும் எழுத்தும் எண்ணுமாக வாய்க்குள் நுழையாத பெயருள்ள ஒரு மரபணு. லேபில் அதை நங்கூரம் என்று கூப்பிட்டோம். நங்கூரம் இல்லாத ஈக்களில் தாய் நிலைகொள்ளாமல் அலைகிறது, செல் கண்ட திசையில் பிளக்கிறது, ஈக்கு வயதாக ஆக விதையே வற்றிவிடுகிறது. மைக்ரோஸ்கோப்புக்குக் கண்ணைக் கொடுத்து வருடக்கணக்கில் உட்கார்ந்து நான் கண்டுபிடித்தது இது.

அந்தக் கோடையில் செல்வன் ஒரு ரிசல்ட்டோடு வந்தான். நங்கூரம் இல்லாத அவனுடைய ஈக்களில் எல்லா செல்லும் ஒழுங்காகப் பிரிந்திருந்தது. ஒன்றுகூடத் தப்பாகப் பிளக்கவில்லை. அதாவது நங்கூரத்துக்கு எந்த வேலையும் கிடையாது. அதாவது நான் இத்தனை வருடம் பார்த்தது பொய்.

எங்கள் கைடு தில்லைநாதன் சார் அறைக்குக் கூப்பிட்டார். உட்காரச் சொல்லவில்லை.

"ஒன் ஸ்டெய்னிங் சரியில்லம்மா. செல்லுக்கு சாயம் ஏத்தறதுல கை சுத்தம் பத்தல. வெள்ளிக்கிழமை கமிட்டியில செல்வன் அவன் ரிசல்ட்ட சொல்லட்டும். நீ ஒன்னுத வாபஸ் வாங்கிக்க."

"வாங்கிட்டா என் தீசிஸ்ல இன்னா சார் இருக்கும்?"

"வேற தலைப்பு பாக்கலாம். சின்னதா. பெலோஷிப் முடியற வரைக்கும் இரு, அப்பறம் யோசிக்கலாம்."

அப்புறம் யோசிக்க ஒன்றுமில்லை என்று இருவருக்கும் தெரியும். தலைப்பை விட்டால் பட்டம் இல்லை. குடிகாட்டில் அவர்கள் சொன்னது நிஜமாகிவிடும், இத்தனை வருடம் நான் ஈ ஓட்டியவள்தான்.

ஒட்டிக்கொண்டிருப்பது தங்கும், தள்ளி நிற்பது போகும் என்பதைக் கற்றுக்கொள்ள ஈயிடம் போக வேண்டியதில்லை. செல்வன் சாருடைய கூடப்பிறந்த அக்கா மகன். லேபுக்குள் "சார், சார்" என்பான். வாசலில் செருப்பை மாட்டும்போதே "மாமா, வண்டிய எடுக்கட்டா" என்று ஆரம்பித்துவிடுவான். நான் ஒரு ஸ்லைடை உடைத்தால் நோட்டீஸ் போர்டில் வரும், அவன் ஒரு பெட்டி ஸ்லைடை உடைத்தால் சார் துடைப்பம் எடுத்துவரச் சொல்வார். மாமியார் உடைத்தால் மண்குடம் என்று சும்மாவா சொன்னார்கள்.

அவன் தப்பு செய்திருக்கிறான் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. என்ன தப்பு என்பதுதான் தெரியவில்லை. சந்தேகம் முழுக்கப் பலாப்பழத்தின் மேல் இருந்தது.

பலா காய்க்கும் மாதங்களில் ஒவ்வொரு திங்கட்கிழமையும் ஊரிலிருந்து மாமாவுக்கு ஒரு பழம் கொண்டுவருவான். வடலூர், புவனகிரி வழியாக பஸ்ஸில், சாக்குப்பையில் கட்டி, மடியில் குழந்தையைப் போல வைத்துக்கொண்டு வருவான். கொண்டுவந்து எங்கே வெட்டுவான்? ஈ அறையில். ஏசி அங்கேதான் ஓடுகிறது. கையில் எண்ணெய் தடவிக்கொண்டு, ஈக்களைப் பிரிக்கும் அதே மேசையில் பேப்பரை விரித்து, சுளை எடுப்பான். எங்கள் ஊர் கெமிக்கல் கம்பெனிக் காற்றில் வளர்ந்த மூக்கு என்னுடையது, படியேறும்போதே கண்டுபிடித்துவிடும்.

"அண்ணா, வெளி ஈ உள்ள வந்துடும். வெளிய வச்சி வெட்டுங்க."

"ஏம்மா, பலாச்சுள திங்க ஒனக்குக் குடுத்து வைக்கல, அதுக்கு நாங்க இன்னா பண்றது?"

சாரிடம் சொன்னேன். அவர் வாயில் சுளை இருந்தது. மென்று விழுங்கிவிட்டு, கொட்டையைக் காகிதத்தில் துப்பி, "பொறாமைக்கு மருந்து கெடையாதும்மா" என்றார். அன்று ஹாஸ்டலுக்குப் போய் ஆத்திரத்தில் அழுதேன். அழுததற்காக என் மேலேயே இன்னும் ஆத்திரம் வந்தது.

வெளி ஈ கலந்தால் கண்டுபிடிப்பது சுலபம். நங்கூரம் இல்லாத எங்கள் ஈக்களுக்குக் கண் வெள்ளை. வெளியில் பறக்கும் ஈக்குக் கண் சிவப்பு. கலந்திருந்தால் பிள்ளைகளில் சிவப்புக் கண் வந்தே தீரும். இதைச் செல்வனிடம் நேராகவே கேட்டேன். அவன் காத்திருந்தவன் மாதிரி எழுந்து, ஈதர் காட்டி மயக்கிய ஆண் ஈக்களை மைக்ரோஸ்கோப்பின் கீழ் பரப்பி, நாற்காலியை இழுத்துப் போட்டான்.

"பாரும்மா. நல்லா பாரு. கண்ண தொறந்து பாரு."

பார்த்தேன். ஒன்றுவிடாமல் எல்லாம் வெள்ளைக் கண். பல்லைக் கடித்துக்கொண்டு எழுந்தேன். பின்னால் அவன் யாருக்கோ போன் போட்டு என் பெயரைச் சொல்லிச் சிரிப்பது கேட்டது.

வியாழக்கிழமை அம்மா போன் செய்தாள். அண்ணனுக்கு ஆண் குழந்தை பிறந்திருந்தது. பார்க்க வரவில்லையே என்று ஒரு பாட்டம் திட்டிவிட்டு, குழந்தையைப் பற்றி ஆரம்பித்தாள்.

"அப்டியே ஒங்க அண்ணி ஜாடைடி. மூக்கு, முழி எல்லாம். ஆம்பளப் புள்ள அம்மா ஜாடைல இருந்தா அதிர்ஷ்டம். பொட்டப் புள்ளன்னா அப்பன் ஜாடைல இருக்கணும். நீ அப்டித்தான் பொறந்த."

"என் அதிர்ஷ்டத்ததான் பாத்துக்கினு இருக்கியே" என்றேன். வெடுக்கென்று போனை வைக்கப் போனவள், வைக்காமல் நின்றேன். அம்மா ஹலோ ஹலோ என்றாள்.

ஆண் பிள்ளை அம்மா ஜாடை, பெண் பிள்ளை அப்பா ஜாடை. மனிதருக்கு அது வெறும் சொலவடை. ஈயின் கண்ணுக்கு அதுவே சட்டம். கண்ணுக்குச் சிவப்பு நிறம் தரும் மரபணு எக்ஸ் குரோமோசோமில் இருக்கிறது. மகனுக்கு எக்ஸ் அம்மாவிடமிருந்து மட்டுமே வரும். அம்மா வெள்ளைக்கண் என்றால் அப்பன் எவ்வளவு சிவந்த கண்ணனாக இருந்தாலும் மகனுக்கு வெள்ளைக் கண்தான். மகளுக்கு அப்பனிடமிருந்தும் ஒரு எக்ஸ் வருவதால் அவளுக்குச் சிவப்பு. நங்கூரமோ வேறு குரோமோசோமில் இருப்பது, மகன் மகள் என்று பார்க்காமல் அப்பனிடமிருந்து இருவருக்கும் ஒன்று போய்ச் சேரும். ஆக, பலாப்பழத்து ஆண் ஈ ஒன்று எங்கள் பெண்களோடு சேர்ந்தால், பிறக்கிற மகன்கள் பார்வைக்கு எங்கள் ஈ மாதிரியே வெள்ளைக் கண்ணோடு இருப்பார்கள், ஆனால் உள்ளே அப்பன் கொடுத்த நல்ல நங்கூரம் ஒன்று இருக்கும். ஒன்று இருந்தாலே போதும், செல் ஒழுங்காகப் பிரியாமல் என்ன செய்யும்?

பன்னிரண்டாம் வகுப்புப் பாடம் இது. எனக்கு ஏன் தோன்றவில்லை என்றால், எங்கள் வேலை விதைப்பையில். ஆண்களை மட்டும் எடுத்துக்கொண்டு பெண்களைச் சுடுகாட்டில் கொட்டிவிடுவோம். வேண்டாத ஈக்களைப் போடும் சாராய பாட்டிலுக்கு லேபில் அந்தப் பெயர்தான். நானாவது கொட்டும் முன் பெண்களை ஒரு பார்வை பார்ப்பேன். செல்வன் அதைக்கூடச் செய்பவன் அல்ல.

வெள்ளிக்கிழமை எங்கள் ஆய்வைச் சரிபார்க்கும் கமிட்டி கூடியது. கமிட்டி என்றால் பெரிய கூட்டமில்லை. சார், நாங்கள் இருவர், கடலூரில் ஒரு கல்லூரியிலிருந்து வரும் பேராசிரியை அமராவதி மேடம். அதிகம் பேசாதவர். முகத்தில் சிரிப்பையும் பார்த்ததில்லை, கோபத்தையும் பார்த்ததில்லை. சார் அவர் முன்னால் ஒரு தட்டு பலாச்சுளையை வைத்து, "நம்ம வீட்டுப் பழம் மேடம், எடுத்துக்குங்க" என்றார். தட்டின் மேல் நாலைந்து ஈக்கள் வட்டமடித்தன. மேடம் சுளையை எடுக்கவில்லை. ஈக்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

செல்வன் திரையில் படம் ஓட்டினான். செய்முறைப் பக்கம் என்னுடையதின் ஈயடிச்சான் காப்பி, நான் விட்ட எழுத்துப்பிழை உட்பட. கடைசிப் படத்தில், நங்கூரத்துக்குச் செல் பிரிவில் பங்கில்லை என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தான். சார் கையைத் தட்டிவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"வினோதினி, நீ சொல்லவேண்டியத சொல்லிடு."

வாபஸ் வாங்குகிறேன் என்பதைத்தான் எதிர்பார்த்தார். நான் எழுந்து செல்வனைப் பார்த்தேன்.

"அண்ணா, பொண்ணுங்க கண்ணு இன்னா கலரு?"

அவன் முழித்தான். "எந்தப் பொண்ணுங்க?"

"உங்க பாட்டில்ல இருந்த பொட்ட ஈங்க. இந்த ஆம்பளைங்களோட கூடப்பொறந்ததுங்க."

"நம்ம வேல ஆம்பளையிலதான? அதுங்கள எதுக்குப் பாக்கணும்?"

"அதான, எதுக்குப் பாக்கணும்?" என்றார் சார். "சம்பந்தம் இல்லாத கேள்வி. உக்காரு."

அமராவதி மேடம் முதல்முறையாக வாயைத் திறந்தார். "சம்பந்தம் இருக்கு சார். பாட்டில் இருக்கா?"

ஈ அறை அலமாரியில் செல்வன் பெயர் எழுதிய பாட்டில் ஒன்று மிச்சமிருந்தது. ஓடிப்போய் எடுத்துவந்தேன். மேடமே மயக்கமருந்து காட்டி, பிரஷ்ஷால் ஆணையும் பெண்ணையும் தனித்தனியாக ஒதுக்கி, குனிந்து பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு நகர்ந்து சாருக்கு இடம் விட்டார். சார் பார்த்தார். செல்வன் பார்த்தான். இடது பக்கம் வெள்ளைக்கண் ஆண்கள். வலது பக்கம் அத்தனை பெண்களுக்கும் கண் கோவைப்பழமாகச் சிவந்திருந்தது.

"மாமா" என்றான் செல்வன். லேபுக்குள் அந்த வார்த்தையை அன்றுதான் கேட்டேன். "மாமா, நான் ஒண்ணும் பண்ணல மாமா."

"பாட்டில்ல மொதல்ல நீ விட்ட ஆண் ஈயெல்லாம் வயசானதுங்களா?" என்று மேடம் கேட்டார். அவன் தலையை ஆட்டினான். "நங்கூரம் இல்லாம வயசான ஆணுக்கு விதை ஏது? வந்தவன் முந்திக்கினான்." இதைச் சொல்லும்போதும் அவர் சிரிக்கவில்லை.

சார் என்னை நோக்கித் திரும்பினார். கண் ஈக்குச் சமமாகச் சிவந்திருந்தது.

"நீதான் கலந்துட்ட. அவன் மேல இருக்கிற காண்டுல நீதான் பாட்டில்ல வெளி ஈய வுட்டிருக்க. இல்லாட்டி ஒனக்கு எப்பிடித் தெரியும்?"

பதில் சொன்னது மேடம்தான். தட்டை ஒரு விரலால் சார் பக்கம் தள்ளினார். ஈக்கள் எழும்பி மறுபடி சுளை மேல் உட்கார்ந்தன.

"வெளியிலேந்து யாரும் கொண்டாந்து விட வேண்டியதில்ல சார். செல்வன் ரிசல்ட் நிக்காது. வினோதினி அவுங்க வேலைய இன்னொரு தரம் செஞ்சு காட்டட்டும். நின்னா அதுதான் தீசிஸ்."

ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன். நான் ஒரு முட்டாள்.

திங்கட்கிழமை வந்து பார்த்தால் ஈ அறை அலமாரியில் என் தட்டு காலி. என் பெயர் எழுதிய பாட்டில்கள் எல்லாம் ஃப்ரீசரில் இருந்தன. வெள்ளிக்கிழமை சாயங்காலமே வைத்திருக்கிறார்கள். வெல்லச் சோற்றின் மேல் என் ஈக்கள் கருப்பு மிளகாகக் கொட்டிக் கிடந்தன. இத்தனை வருடத்து நங்கூரம் இல்லாத தலைமுறைகள், ஒன்றுகூட உயிரோடு இல்லை.

சார் அறை வாசலில் நின்றார். "கலப்படம் ஒன் பாட்டில்லேந்துதான் வந்துச்சுன்னு எனக்கு சந்தேகம். லேப் சுத்தமா இருக்கணும்ல. செல்வன்கிட்ட நங்கூரம் இல்லாத பழைய ஸ்டாக் ஒரு பாட்டில் இருக்கு, அது லேபுக்குப் போதும். நீ மறுபடி பண்றதுன்னா வெளிநாட்டுலேந்து வரவழைச்சிப் பண்ணிக்க." வரவழைக்க அவர் கையெழுத்து வேண்டும். அதற்குள் என் பெலோஷிப் முடிந்துவிடும். இரண்டும் அவருக்குத் தெரியும், அதனால்தான் குரல் அவ்வளவு இதமாக இருந்தது. மேசையில் வெள்ளிக்கிழமை நான் எடுத்துவந்த செல்வனின் பாட்டில், மேடம் ஈக்களைத் திரும்ப உள்ளே விட்டு அடைத்து வைத்தபடியே கிடந்தது. யாரும் தொடவில்லை. சார் அதைக் காட்டினார்.

"இந்தக் கருமத்தையும் வெளிய கொண்டுபோயி கொட்டு. கண்ணுல படக்கூடாது."

"சரி சார்" என்றேன். ஐந்து வருடத்தில் அவர் சொன்னதை அவ்வளவு சந்தோஷமாக நான் செய்ததில்லை. வெளியே என்றார், எவ்வளவு தூரம் வெளியே என்று சொல்லவில்லை.

டிபன் பாக்ஸ் பையில் பாட்டிலை நிமிர்த்தி வைத்து, சிதம்பரம் பஸ் ஸ்டாண்டில் கடலூர் பஸ் ஏறினேன். ஆலப்பாக்கம் தாண்டும்வரை பையைத் திறந்து திறந்து பார்த்தேன். செத்துப்போன என் ஈக்களை நினைத்து நெஞ்சு எரிந்தது. ஆனால் பாட்டிலுக்குள் சிவப்புக்கண் பெண்கள் உயிரோடு இருந்தார்கள். அப்பன் கொடுத்த நங்கூரம் ஒன்று அவர்களிடம் உண்டு. அம்மா கொடுத்தது, நங்கூரம் இல்லாத அந்த இன்னொன்று, அதுவும் அவர்களிடம் பத்திரமாக உண்டு. அவர்களையும் கூடப்பிறந்தவர்களையும் சேர்த்து விட்டால், பேரப்பிள்ளைகளில் நாலில் ஒரு பங்குக்கு நங்கூரம் இருக்காது. நான் இழந்தது முழுவதும் அவர்கள் கொட்டச் சொன்ன பெண்களின் வயிற்றில் இருந்தது.

குடிகாட்டு ஸ்டாப்பில் இறங்காமல் நேராகக் கடலூர் போனேன். அமராவதி மேடம் பாட்டிலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "திருடினதா?"

"கொட்டச் சொன்னாங்க மேடம்."

"கைடு மாத்தறதுக்கு மனு எழுது" என்று பேனாவை நீட்டினார். மறுபடி வெல்லம் காய்ச்சினேன். ஜோடி ஜோடியாகப் பிரித்து விட்டேன். மழைக்காலம் முடிவதற்குள் நங்கூரம் இல்லாத, வெள்ளைக்கண் வரிசை ஒன்று திரும்பக் கிடைத்தது. தாய் அலைவதை மைக்ரோஸ்கோப்பில் மறுபடி பார்த்த அன்று மேடம் முன்னாலேயே தேம்பித் தேம்பி அழுதேன். அந்த அழுகைக்கு நான் வெட்கப்படவில்லை.

தை பிறந்ததும் செல்வன் போன் செய்தான். குரலில் பணிவு வழிந்தது.

"வினோ, நல்லாருக்கியா? இங்க அந்த பழைய ஸ்டாக்லயும் எல்லாம் செவப்பா போயிடுச்சும்மா. ஒங்கிட்ட நங்கூரம் ஸ்டாக் இருக்காமே. மாமா கேக்க சொன்னாரு. ஒரு பாட்டில் குடுத்தா போதும், ரிப்போர்ட் குடுக்கணும், ரொம்ப அவசரம்."

ஈ வளர்ப்பவர்களிடையே ஒரு வழக்கம் உண்டு. யார் கேட்டாலும், ஜென்ம எதிரியே கேட்டாலும், இல்லையென்று சொல்லக்கூடாது. நானும் சொல்லவில்லை. நல்ல வெள்ளைக்கண் ஈக்களாகப் பார்த்துப் பிரித்து, பஞ்சை இறுக்கி அடைத்து, கூரியரில் அனுப்பினேன். சேர்ந்த அன்றே மறுபடி போன் வந்தது.

"இன்னாம்மா இது, எல்லாம் ஆம்பளையா இருக்குது? பொண்ணு ஒண்ணுகூட இல்ல. இத வச்சி எப்பிடி ஸ்டாக் பண்றது?"

"நீங்க ஆம்பளைங்களத்தான அண்ணா பாப்பீங்க, அதான் அனுப்பினேன்" என்றேன். "ஸ்டாக் அதுலேந்தும் எடுக்கலாம். உங்ககிட்ட இருக்கிற பொண்ணுங்களோட சேத்து வுடுங்க. பொறக்கற பொண்ணுங்கள மட்டும் கொட்டிடாதீங்க."